பாங்கர்ச்சுல்லா முகட்டில் ஏப்ரல் கடைசியில் பனி எப்படி இருக்கும்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நண்பர்கள் நான்கு பேர். பர்வதமலை, வெள்ளியங்கிரி, நாகலாபுரம் எல்லாம் ஏறியவர்கள். ஏப்ரல் கடைசி வாரம் உத்தராகண்டில் ஜோஷிமட் பக்கமுள்ள பாங்கர்ச்சுல்லா ஏறத் திட்டம். ஒரு வீடியோவில் மேல் முகடு முழுக்க வெள்ளை, இன்னொன்றில் வெறும் பாறை. கூட்டிப்போகும் கம்பெனிக்காரர் "பனி கியாரண்டி, புதுசா வர்றவங்களும் ஏறலாம்" என்கிறார். அந்த நேரத்தில் பனி இருக்குமா, ஷூவுக்கு அடியில் கட்டும் கூர்ப்பல் சட்டமான கிராம்பான் வேண்டுமா, நால்வரில் ஒருவர் பவர் கண்ணாடி போடுபவர், அவருக்கு என்ன செய்வது என்று கேள்வி. பனி இருக்குமா என்பதற்கு ஒரு வரிப் பதில் உண்டு: பெரும்பாலும் இருக்கும். ஆனால் உங்கள் கேள்விக்குள் இருப்பது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. பனியை மிதித்தே பார்க்காத நான்கு பேர், அந்த முகட்டில் கையும் காலும் ஊன்றி ஏறி, அதே வழியில் ஒழுங்காக இறங்கிவர முடியுமா என்பதுதான் அது. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காசிமேட்டுக்காரன். எங்கள் குடும்பத்துக்கு ஐஸ் தொழில். விசைப்படகுகளுக்கு ஐஸ் போடுகிறோம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் துறைமுகம் தூங்கும், எங்களுக்கும் வேலை இருக்காது. அந்த நாட்களில்தான் நான் மலைக்குப் போய்ப் பழகினேன். உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். அதற்கப்புறம் பல வருடம் உத்தராகண்டின் கார்வால் பக்கம்தான். பாங்கர்ச்சுல்லாவுக்கு ஐந்து முறை போய் மூன்று முறை உச்சியைத் தொட்டேன், இரண்டு முறை முகட்டுக்குக் கீழேயே திரும்பிவிட்டேன். ஆகவே ஏப்ரல் கடைசி, மே பற்றி நான் சொல்வது கண்ணால் பார்த்தது. மற்ற மாதங்களில் எனக்கு அனுபவம் குறைவு. தொழில்முறை வழிகாட்டியும் இல்லை, மருத்துவரும் இல்லை. பனிச்சரிவைப் பற்றி, அதாவது மேலே கிடக்கும் பனி மொத்தமாகச் சரிந்து இறங்குவதைப் பற்றி, அடிப்படைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அளவுதான் தெரியும்.

முதலில் 'பனி' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துக்கொள்ள வேண்டும். நம்மூரில் மார்கழிக் காலையில் மொட்டைமாடிக் கொடியில் துணியை நனைப்பதும் பனி, ரோட்டில் எதிரே வரும் லாரியை மறைப்பதும் பனி, இமயமலையில் இடுப்பளவு கிடப்பதும் பனி. அங்கே கிடப்பதிலேயே நாலைந்து வகை இருக்கிறது, காலுக்குக் கீழே ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். காசிமேட்டில் ஐஸ் உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐஸ் பாரை மெஷினில் தள்ளினால் நொறுங்கி வந்து குவியும். அப்போதே கையை விட்டால் முழங்கைவரை சர்ரென்று உள்ளே போகும். அதையே படகின் அறையில் கொட்டி மூடி வைத்துவிட்டுப் பல மணி நேரம் கழித்துத் திறந்தால் துகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாக இறுகியிருக்கும், கடப்பாறை போட்டுத்தான் பெயர்க்க வேண்டும். மிச்சத்தைத் தரையில் தள்ளி வெயிலில் விட்டால் ஒரு மணி நேரத்தில் சொதசொதவென்று ஆகிவிடும். மூன்றுமே ஒரே ஐஸ்தான். மேலே மலையில் நடப்பதும் இதேதான்: புதிதாக விழுந்த பனி, உருகி உறைந்து இறுகிய பனி, வெயில் பட்டு இளகிய பனி. ஏப்ரல் கடைசியில் இந்தக் கடைசி இரண்டும் ஒரே நாளில், ஒரே சரிவில், ஐந்தாறு மணி நேர இடைவெளியில் வந்துபோகும். உங்கள் இரண்டு வீடியோவும் உண்மையாகவே இருக்கலாம். வருடம் வேறாக இருக்கும், வாரம் வேறாக இருக்கும்; ஒரே வாரத்தில் எடுத்ததாக இருந்தாலும் வெயில் அதிகம் படும் தெற்குச் சரிவை ஒருவரும், வெயில் குறைந்த வடக்குச் சரிவை மற்றவரும் எடுத்திருக்கலாம்.

அந்த மலையின் வருடத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்றால், அவர்களுக்கு டிசம்பர் முதல் மார்ச்வரை மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றழுத்தத் தாழ்வுகள்தான் பனியைக் கொண்டுவருகின்றன. எத்தனை வரும், எது எவ்வளவு கொட்டும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். மார்ச்சில் குவியல் அதிகம், இறுக்கம் குறைவு. ஏப்ரலில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வேலை செய்து இறுகிவிடும்; இந்த முகட்டுக்குக் கூட்டம் வருவது அப்போதுதான். மே நடுவில் திட்டுத் திட்டாகப் பாறை வெளியே தெரியும். ஜூனில் பெரும்பாலும் பாறைதான், மறைவான பள்ளங்களில் மட்டும் அழுக்குப் பனி. ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஜோஷிமட் போகும் ரோட்டிலேயே மண்சரிவு, மலையை மறந்துவிடலாம். செப்டம்பர் பின்பாதியிலிருந்து அக்டோபர்வரை வானம் துடைத்த மாதிரி இருக்கும், முகடு காய்ந்த கல்லாக இருக்கும். நவம்பரில் கல்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய ஐஸ் படியத் தொடங்கும். கண்ணுக்கே தெரியாத அந்தப் படலம் ஒரு முழம் பனியைவிட மோசம்.

இப்போது ஏப்ரல் கடைசிக்கு வருவோம். இங்கே எல்லோரும் மாதத்தைக் கேட்கிறார்கள். ஐந்து முறை போய்வந்ததில் எனக்குப் பிடிபட்டது, மாதத்தைவிட மணிதான் முக்கியம் என்பது. அதைவிட முக்கியம், முந்தைய இரவு வானம் எப்படி இருந்தது என்பது. குல்லாரா என்ற இடத்தில் கூடாரம் போடுவார்கள். அங்கிருந்து உச்சிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். உச்சி 4,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கிளம்பச் சொல்வார்கள். சூரியோதயம் பார்க்கத்தான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் பனி இறுகிக் கிடக்கும், மேலே நின்றால் தாங்கும் என்பதுதான் உண்மையான காரணம். எட்டு மணிவரை கால் பதியும், புதையாது. ஒன்பதுக்கு மேல் வெயில் நேராக விழும் சரிவுகளில் மேல்தோல் இளகும். பதினொன்றுக்கு முழங்கால்வரை உள்ளே போகும். ஒரு மணிக்கு அதே சரிவு வேறொரு மலை. கிழக்குப் பார்த்த சரிவு முதலில் கெடும், மேற்குப் பார்த்தது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இரவு வானம் எதற்கு? மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், காற்றின் வெப்பநிலையையும்விடக் கீழே போய் நன்றாக இறுகும். மேகம் மூடிய இரவு போர்வை போர்த்தின மாதிரி. பகலில் நனைந்த பனி உறையாமலே கிடக்கும், காலை ஐந்து மணிக்கே சொதசொத. ஆகவே நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும், பல் கிடுகிடுக்கும் இரவுதான் நமக்கு நல்ல இரவு. கூடாரத்தில் "இன்னைக்குக் குளிர் பரவாயில்லையே" என்று யாராவது சந்தோஷப்பட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முகட்டுக்குக் கீழே நான் திரும்பிய இரண்டு முறையும் இந்த மாதிரி இதமான இரவுக்கு அடுத்த காலைதான். இதில் ஒரு சின்னக் கணக்கு உதவும்: ஆயிரம் மீட்டர் மேலே போனால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஜோஷிமட் 1,900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அங்கே இரவு 10 டிகிரி என்றால் உச்சியில் மைனஸ் 7-ஐ ஒட்டி இருக்கும். இது சராசரிக் கணக்கு, அன்றைய காற்று இதை மாற்றும். ஆனால் ஜோஷிமட்டிலேயே இரவு 16, 17 டிகிரி, மேலே மேகம் வேறு என்றால் மறுநாள் பனி நம்பும்படி இருக்காது என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது கற்கள். பாங்கர்ச்சுல்லாவின் மேல்பகுதி ஒரே பாறையாலான முகடு கிடையாது. ஃபிரிட்ஜ் அளவு, ஆட்டோ அளவு கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். எர்ணாவூர் கரையில் கடல் அரிப்புக்காகக் கொட்டியிருக்கிறார்களே கருங்கல், அதை அப்படியே செங்குத்தாக நிமிர்த்தி வைத்த மாதிரி. வெறும் கல்லாக இருந்தால் கையை ஊன்றி, காலை வைத்து ஏறிவிடலாம். பர்வதமலையில் கடப்பாறைப் படி ஏறினவருக்கு அதில் பயமிருக்காது. முழுக்கப் பனி மூடி இறுகியிருந்தால் அதுவும் வசதி, சாய்ந்த தளம் மாதிரி மேலேயே நடந்துவிடலாம். வில்லங்கம் இரண்டுக்கும் நடுவில்: கற்களுக்கு இடையிலுள்ள பொந்துகளை மூடிக்கொண்டு ஒரு முழமோ இரண்டு முழமோ பனி, மேலே பார்க்கத் தட்டையாக, உள்ளே ஒன்றுமில்லாமல். கருங்கல் வெயிலை உறிஞ்சிச் சூடாகும், சூடு கல்லை ஒட்டிய பனியைக் கீழிருந்து தின்னும். அதனால் கல்லின் நுனி பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பக்கத்தில்தான் குழி. புதிதாக வருபவர்கள் கல் தெரிகிறதே, அங்கே கெட்டியாக இருக்கும் என்று சரியாக அதை ஒட்டித்தான் காலை வைப்பார்கள். ஏப்ரல் கடைசி முதல் மே நடுவரை இந்த நடுநிலைக் காலம். உங்கள் பயணமும் அதில்தான் விழுகிறது.

எனக்கு இது காசு கொடுத்து வாங்கிய பாடம். முதல் தடவை போனபோது மே இரண்டாம் வாரம். இரவு அடுப்பு பற்றாமல் மக்கர் செய்ததில் இரண்டுக்குக் கிளம்ப வேண்டியவர்கள் நாலரைக்குக் கிளம்பினோம். கற்கள் தொடங்கும் இடத்துக்கு வரும்போதே ஒன்பது. கூட வந்த கிராமத்து வழிகாட்டி திரும்பலாம் என்று இரண்டு முறை சொன்னார். எங்களுக்கு இந்தி அரைகுறை, அன்றைக்கு வசதியாக முழுசாகவே மறந்துபோனது. உச்சியைத் தொட்டு, கட்டிப்பிடித்துப் படமெடுத்து, இறங்கத் தொடங்கும்போது பதினொன்றரை. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்கு முன்னால் போன பெரம்பூர் நண்பர் திடீரென்று பாதி ஆளாகிவிட்டார். வலதுகால் இடுப்புவரை உள்ளே, இடதுகால் வெளியே மடங்கிக் கிடக்கிறது. கீழே இரண்டு கல்லுக்கு நடுவில் ஷூ மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கச் சுற்றியிருந்த ஈரப்பனி சிமெண்ட் மாதிரி இறுகுகிறது. ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரியாலும் எவர்சில்வர் தட்டாலும் தோண்டினோம், நாற்பது நிமிடம். தட்டின் விளிம்பு கல்லில் உரசும் சத்தம் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. ஷூவின் நாடாவை அறுத்துக் காலை மட்டும் வெளியே எடுத்து, அப்புறம் ஷூவைத் தனியாக எடுத்தோம். எலும்பு முறியவில்லை, முட்டி பிசகியது. கூடாரத்துக்கு இறங்க ஆறு மணி நேரம். வழிகாட்டி எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. நண்பரின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அதுதான் ரொம்ப உறுத்தியது.

முகட்டின் ஓரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காற்று பனியைத் தள்ளிக்கொண்டு போய் முகட்டின் மறுபக்கம் கூரைச் சரிவு மாதிரி வெளியே நீட்டி வைத்திருக்கும். மேலே நின்று பார்த்தால் அது நீட்டிக்கொண்டிருப்பதே தெரியாது, தரை தொடர்கிற மாதிரி இருக்கும். உடையும்போது நீட்டிய பகுதியோடு மட்டும் உடையாது, நாம் பாறை என்று நினைக்கும் இடத்துக்கும் உள்ளே வந்து உடையும். ஆகவே படம் எடுக்க ஓரத்துக்குப் போகாதீர்கள், காற்று வரும் பக்கத்துச் சரிவிலேயே, முகட்டுக்குக் கொஞ்சம் கீழே நடங்கள். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நடக்கிறது. புதுப்பனி விழுந்த முதல் ஓரிரு நாளும், திடீரென்று சூடான பிற்பகலும் மோசமான நேரங்கள். பயிற்சி இருந்தால் தப்பிக்கலாம் என்ற நினைப்பு வேண்டாம். 2022 அக்டோபர் 4-ல் திரௌபதி கா டண்டா சிகரத்தில் நான் படித்த அதே நிறுவனத்தின் பயிற்சிக் குழுவைச் சேர்ந்த இரண்டு டஜனுக்கும் மேற்பட்டவர்களைப் பனிச்சரிவு கொண்டுபோனது. இறந்தவர்களில் பயிற்சியாளர்களும் இருந்தார்கள்.

சரி, கிராம்பான். உண்மையான கிராம்பான் இறுக்கமான அடிப்பாகம் உள்ள பூட்ஸில்தான் ஒழுங்காக நிற்கும். டிரெக்கிங் கம்பெனிகள் வாடகைக்குக் கொடுப்பது பெரும்பாலும் மைக்ரோஸ்பைக்ஸ், ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சின்னப் பற்களும் இருக்கும். இறுகிய பனியில், மிதமான சாய்வில் அது அருமையான சாமான், கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். செங்குத்தான இறுகிய சரிவில் அது போதாது. இளகிய பனியில் அடியில் உருண்டை கட்டிக்கொள்ளும், ஹை ஹீல்ஸ் போட்டது மாதிரி தள்ளாட வைக்கும். ஊன்றுகோலால் அடிக்கடி தட்டிவிட வேண்டும். வெறும் கல்லில் கரகரவென்று வழுக்கும், அங்கே கழற்றிவிட வேண்டும். நடுநிலைக் காலத்தில் இதை ஏழெட்டு முறை மாட்டிக் கழற்ற வேண்டிவரும். விரல் மரத்துப்போன நேரத்தில் அது ஒரு பெரிய வேலை. ஆனால் சாமானைவிட முக்கியமானது சறுக்கினால் நிற்பது. இறுகிய பனியில் விழுந்தால் முதல் ஓரிரு நொடிக்குள் நிறுத்தியாக வேண்டும், வேகம் பிடித்துவிட்டால் முடியாது. மழைக்குப் போடும் வழவழப்பான நைலான் பேன்ட் போட்டிருந்தால் இன்னும் வேகம். ஐஸ் ஆக்ஸை மார்போடு அணைத்து, குப்புறப் புரண்டு, முனையைப் பனியில் அழுத்தி நிற்பதை எங்களுக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். வீடியோ பார்த்து வராது. கீழே ஆபத்தில்லாத சரிவில் ஒரு மதியம் முழுக்க விழுந்து விழுந்து பழக வேண்டும். உங்கள் கம்பெனி அதற்கு நேரம் ஒதுக்குகிறதா என்று கேளுங்கள்.

இந்த வருடம் எவ்வளவு பனி என்பதை இன்றைக்கே யாராலும் சொல்ல முடியாது, சொன்னால் அது வியாபாரம். ஆனால் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்தே நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கின்றன. ஒரு புள்ளிக்குப் பத்து மீட்டர் துல்லியம். கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஜோஷிமட்டைத் தேடி, அங்கிருந்து தவுலிகங்கா பள்ளத்தாக்குக்குத் தெற்கே நகர்த்திப் போய் முகட்டைக் கண்டுபிடியுங்கள். மேகமும் பனியும் இரண்டுமே வெள்ளையாகத் தெரிந்து குழப்பும். பனிக்கென்றே உள்ள பொய்வண்ணப் படத்துக்கு மாற்றினால் பிரிந்துவிடும். அப்புறம் அதே வாரத்தின் போன வருடப் படம், அதற்கு முந்தைய வருடப் படம் என்று பின்னோக்கிப் பாருங்கள். ஒரே ஏப்ரல் 25 ஒரு வருடம் வெள்ளை வேட்டியாகவும் இன்னொரு வருடம் புள்ளிப்புள்ளியாகவும் இருப்பதைப் பார்த்தால், கியாரண்டி என்ற சொல்மேல் உங்களுக்கே சிரிப்பு வரும். இந்தப் படம் பரப்பைச் சொல்லும். ஆழத்தையும் இறுக்கத்தையும் சொல்லாது. அதற்கு மலையடிவாரத்து டாக் கிராமத்துப் பக்கத்துக்காரர் யாராவது முந்தைய வாரம் மேலே போய்வந்திருந்தால் அவரிடம் போனில் கேட்பதுதான் வழி. "பனி இருக்கா" என்று கேட்காதீர்கள், "எத்தனை மணிக்குக் கால் புதைய ஆரம்பித்தது" என்று கேளுங்கள். சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலை இருக்கும் சமோலி மாவட்டத்துக்கும் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. டேராடூன் வானிலை மையத்தின் முன்னறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று நாளுக்கு அப்பாலான எந்த மலை முன்னறிவிப்பையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

வானிலை எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். 2024 ஜூன் தொடக்கம், கோடைக்காலம். கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் குழு உத்தரகாசி மாவட்டத்தில் சஹஸ்ர தால் பாதையில் பனிப்புயலில் மாட்டி, 9 பேர் உயிரிழந்தார்கள். உயரம் ஏறக்குறைய நீங்கள் போகும் அதே அளவு. நம்மைப்போலத் தெற்கிலிருந்து, லீவு எண்ணி, திரும்பும் டிக்கெட்டோடு போனவர்கள். அவர்கள் தப்பு செய்தார்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஜூன் மாதம் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. உங்கள் திட்டத்தில் உச்சிக்கு ஒரே ஒரு நாள்தான் வைத்திருக்கிறார்களா, மாற்றுநாள் உண்டா என்று பாருங்கள். மாற்றுநாள் இல்லாத திட்டத்தில் சுமாரான வானத்திலும் போகத்தான் கை அரிக்கும்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. நாம் கடல் மட்டத்து ஆட்கள், வீட்டு வாசலில் கடல். உச்சியில் காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குகூட இருக்காது. வெள்ளியங்கிரி ஏறிய உடம்பு என்பதெல்லாம் அங்கே செல்லாது, மூச்சு பழக நாள் வேண்டும். மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்திப் படுக்கக்கூடாது என்பது பொதுவான விதி. தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் வந்தால் மேலே போகவே கூடாது, இறங்க வேண்டும். மாத்திரை விஷயம் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். வடசென்னையில் மேடு கிடையாது, பயிற்சிக்கு அடுக்குமாடிப் படிக்கட்டுதான் கதி. பையில் இரண்டு லிட்டர் பாட்டில்களாக ஐந்து நிரப்பி ஏறி, மேலே செடிக்கு ஊற்றிவிட்டுக் காலிப் பையோடு இறங்குங்கள், முட்டி தேயாது. வாரம் ஒருநாள் விடிகாலையில் எர்ணாவூர்ப் பக்கம் கரையில் கொட்டிய கற்களின் மேல்வரிசையில் நடந்து பழகுங்கள். ஆடும் கல் எது, ஆடாத கல் எது என்று காலுக்குத் தெரிய வேண்டும். மேலே காய்ந்த கல்லில் மட்டும். அலை தொடும் வரிசையில் பாசி இருக்கும், அங்கே போய் விழுந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால், நான்கு பேருக்கும் பனி புதுசு என்பதால் இந்த ஏப்ரலில் குவாரி பாஸ் என்ற கணவாயை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதே பகுதி, அதே கூடாரம், நாலாயிரம் மீட்டருக்குக் கீழே. பனியும் மிதிக்கலாம், நந்தாதேவி, துரோணகிரி சிகரங்களையும் பார்க்கலாம். 1905-ல் வைஸ்ராய் கர்சன் பிரபுவுக்காகச் சீர் செய்த பாதை என்று அங்கே கதை கதையாகச் சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொண்டு நடக்கலாம். பாங்கர்ச்சுல்லாவை நிபந்தனையோடு வைத்துக்கொள்ளுங்கள்: முந்தைய இரவு வானம் தெளிவாக இருந்து, காலையில் குதிகாலால் ஓங்கி மிதித்தாலும் பனி தாங்கி, கற்கள் தொடங்கும் இடத்தை ஏழு மணிக்குள் தொட்டால் மேலே போவது. உச்சி கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் ஒன்பதுக்குத் திரும்பிவிடுவது. இந்த மணியைச் சென்ட்ரலில் ரயில் ஏறும்போதே நான்கு பேரும் பேசி முடிவு செய்துவிடுங்கள், மேலே போய்ப் பேசினால் நான்கில் ஒருவர் கட்டாயம் "இன்னும் பத்து நிமிஷம்தான் மச்சான்" என்பார். முகட்டில் ஏறுவதுதான் ஆசை, பனிமேல் பெரிய மோகம் இல்லை என்றால் அக்டோபர் முதல் பாதிக்குத் தள்ளிவையுங்கள். நான் அக்டோபரில் அந்தப் பக்கம் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், கல் அத்தனையும் காய்ந்து கிடந்தது. பர்வதமலைக் கைகளுக்கு அதுதான் பொருத்தம்.

கம்பெனியிடம் கேட்க மூன்று கேள்வி போதும். உச்சி நாளில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? திரும்பும் நேரம் எத்தனை மணி, அதை முடிவு செய்வது யார்? போன ஏப்ரலில் எத்தனை குழுவை உச்சிக்குக் கீழேயே திருப்பினீர்கள்? மூன்றாவது கேள்விக்கு 'ஒன்றுகூட இல்லை' என்று பெருமையாகப் பதில் வந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு இடத்திலும் விசாரியுங்கள்.

பவர் கண்ணாடி நண்பருக்கு: புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அடிக்கும், கீழிருந்தும் வெயில் அடிக்கிற மாதிரி. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நடந்தால் அன்று இரவே கண்ணில் மணல் போட்டது போல எரிந்து, கண்ணீர் கொட்டி, திறக்க முடியாமல் போகும். கண்ணாடிக்கு மேலேயே மாட்டும் பெரிய கண்கவசம் கிடைக்கிறது, ஆனால் ஏறும்போது மூச்சு பட்டு இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஆவி படியும், கற்களில் கால் வைக்கும் நேரத்தில் அது ஆபத்து. அதைவிட, அவருடைய பவரிலேயே புற ஊதாக் கதிரை முழுக்கத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்று போட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் நுழையாமல் தோல் துண்டு வைத்துத் தைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவர்தான் எனக்கு அப்படித் தைத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார், பனிக்கு என்றேன். "மார்கழி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சேப்பா" என்றார்.